வலிக்கோடு

டாக்டர் சிவராமகிருஷ்ணன் கொண்டுவந்த கவர்கள் மொத்தம் அறுபது. எல்லாம் ஒரே பழுப்பு நிறம், எல்லாம் ஒட்டியிருந்தன. முப்பதில் 'ஊசி' என்று எழுதிய சீட்டு, முப்பதில் 'குழாய்' என்று எழுதிய சீட்டு. எதில் எது இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. சீட்டுகளைக் கலைத்துப் போட்டு ஒட்டி, மேலே வரிசை எண் எழுதியது அவருடைய மனைவி. வயிற்றில் ஆபரேஷன் செய்துகொள்ள வரும் ஒவ்வொரு பெண்ணையும் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது வரிசைப்படி ஒரு கவரைக் கிழிக்க வேண்டும். ஊசி என்று வந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கு வழக்கமான பெத்திடின் ஊசி. குழாய் என்று வந்தால், முதுகெலும்பின் இடுக்கில் நூல் கனத்தில் ஒரு குழாயைச் செருகி வைத்து, அதன் வழியே மணிக்கணக்குப்படி மரத்துப்போகிற மருந்து. இரண்டில் எது நோயாளிக்கு நல்லது என்று பார்த்து எழுதவேண்டும். மயக்க மருந்துத் துறையில் அவருடைய மேல்படிப்புக்கு அதுதான் ஆராய்ச்சி.

இது நடந்தது 1983இல். மட்டாஞ்சேரியில் காயலைப் பார்த்து நின்ற அந்தப் பழைய ஆஸ்பத்திரியில், பெண்கள் அறுவை வார்டுக்கு இருபத்திரண்டு கட்டில்கள். கவர்களும் வலிக்கோட்டுக் காகிதங்களும் நர்ஸ் நீலாம்பாளின் மேஜை இழுப்பறையில் இருந்தன.

நீலாம்பாளுக்கு முப்பத்தொன்பது வயது. மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம். செர்லாய்ப் பக்கம் வீடு. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் போய்விட, சொந்தக்காரர்கள் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் நர்ஸ் படிப்புக்குப் போனவள். வார்டில் தமிழும் மலையாளமும் ஒரேபோலப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் டாக்டர் அவளைத் தேடி வந்தார்.

"இந்தக் கோட்டைப் பாருங்கோ சிஸ்டர். பத்து சென்டிமீட்டர். இடது கோடின்னா வலியே இல்லை. வலது கோடின்னா இதுக்கு மேல தாங்க முடியாது. ஆபரேஷன் ஆனதுலேந்து மூணு நாள், நாலு மணிக்கூருக்கு ஒரு தடவை கேக்கணம். அவா தொட்டுக் காட்டற எடத்துல நீங்க பென்சிலால ஒரு கீறல் போடணம். அவ்வளவுதான்."

"எனக்குப் பாத்தாலே தெரியுமே டாக்டர், யாருக்கு எவ்வளவுன்னு."

"அதுதான் கூடாது. வலி அவாளோடது. நீங்க நெனைக்கறதை எழுதினா அது உங்க கோடு ஆயிடும்."

நீலாம்பாளுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வேலைக்கு வந்து பதினாறு வருஷத்தில், வயிறு கிழிபட்டுக் கிடக்கிறவளிடம் உனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று கேட்ட டாக்டர் ஒருவரையும் அவள் கண்டதில்லை. ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறவர்களைத்தான் கண்டிருக்கிறாள். முப்பத்தொரு வயதிலும் பையன் போலிருந்த இந்த மனிதர், வெலிங்டன் தீவுப் பக்கமிருந்து தினமும் போட்டில் வந்து இறங்கியதும் நேரே வார்டுக்கு வந்து அந்தக் கீறல்களை அளவுகோல் வைத்து அளந்து பார்ப்பார். அவர் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது.

ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்தியது. குழாய் போட்டவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணியடித்தாற்போல் மருந்து போய்விடும். ஊசிக்காரர்களுக்கு அப்படியில்லை. அவர்களாகக் கேட்டால், அல்லது கீறல் நாலைத் தாண்டினால், அதுவும் முந்தின ஊசி போட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தால்தான் ஊசி. அதைக் கேட்டபோது டாக்டர் சொன்னார்: "எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஊசி அப்படித்தானே போடறா? நடக்கறதோடதான் ஒப்பிட்டுப் பாக்கணம்." அதுவும் சரியென்றுதான் பட்டது.

முப்பது கவர் தாண்டுவதற்குள் நீலாம்பாளுக்கு மனசில் ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது. குழாய் போட்டவர்கள் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார்கள், இருமினார்கள், சளியைத் துப்பினார்கள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார்கள். மேல்வயிற்றைத் திறந்தவர்களுக்கு இருமல் முக்கியம். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தால் சளி நுரையீரலின் அடியில் தேங்கி, காய்ச்சல் கண்டு, ஆளையே கொண்டுபோய்விடும். தீர்ப்பை அவள் வெளியே சொல்லவில்லை. கோடுகள் சொல்லட்டும் என்று இருந்தாள்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சி வந்து சேர்ந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, முப்பத்திநாலு வயது. கல்யாணமான கையோடு மட்டாஞ்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. புருஷன் முத்துராமலிங்கம் கைவண்டி இழுக்கிறவன். அவள் கொச்சங்காடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்குப் பொறுக்கி, சுண்ணாம்பு உதறிச் சாக்கில் போடுகிற வேலை பார்த்தாள். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

இரைப்பையின் அடிவாய் பழைய புண்ணால் சுருங்கி அடைத்துப்போயிருந்தது. சாப்பிட்டது இறங்காது. சாயங்காலமானால் மத்தியானச் சோறு அப்படியே வெளியே வரும். பேச்சி எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனாலும் வாய் ஓயாது. கட்டிலில் ஏறி உட்கார்ந்த அரை மணி நேரத்தில் இரண்டு பக்கத்துக்காரிகளின் கதையையும் கேட்டு முடித்திருந்தாள்.

"சிஸ்டரம்மா தமிழா? நல்லதாப் போச்சு. இவுக மலையாளத்துல கேக்கதுக்கு நான் தமிழ்ல சொல்லி, ரெண்டும் போய்ச் சேராம நடுவுல நின்னுருமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

"பன்னெண்டு வருஷமா இங்க இருக்கே. மலையாளம் வராதா?"

"கிட்டங்கியில திட்டுத மலையாளம் பூராம் வரும்மா. நோக்காடு சொல்லுத மலையாளம் வராது."

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். பேச்சியும் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. சுண்ணாம்புத் தூசி நெஞ்சில் இறங்கியவர்களின் வறண்ட இருமல். நீலாம்பாள் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். இவளுக்குக் குழாய் வந்தால் தேவலை என்று அப்போதே நினைத்தாள்.

பேச்சியின் இடப்பக்கக் கட்டிலில் அம்மிணி என்ற ஐம்பத்தெட்டு வயது மலையாளத்து அம்மாள் இருந்தாள். குடலில் வளர்ந்திருந்த கட்டியை வெட்டி, குடலை ஒட்டித் தைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் ஊசிக்காரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீலாம்பாள் கோட்டை எடுத்துக்கொண்டு போனபோது அம்மிணி கோட்டின் வலது கோடியையும் தாண்டி, வெறும் காகிதத்தில் விரலை வைத்தாள். "சகிக்கான் வய்யா மோளே", தாங்க முடியவில்லை மகளே, என்று முனகினாள். வயிறு பலகை மாதிரி இருந்தது. நீலாம்பாள் ஓடிப்போய்ச் சர்ஜனைக் கூட்டிவந்தாள். சர்ஜன் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: தியேட்டர். தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. அரை மணி நேரத்தில் அம்மிணியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அவள் அந்தக் காகிதத்தைக் காட்டிக் காட்டி, வேண்டாம், எனக்கு இப்போது வலியில்லை என்று மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டே போனாள். திரும்பி வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அந்தக் கட்டிலின் விரிப்பை மாற்றினார்கள்.

பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலாம்பாள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை நாற்பதாவது கவர். கமலாக்ஷி, துறைமுக ஆபீஸ் கிளார்க்கின் மனைவி, பித்தப்பையில் கல். குழாய் வந்தது. புதன்கிழமை நாற்பத்தொன்று, பேச்சி.

தியேட்டர் வாசலில் நீலாம்பாள்தான் கவரைக் கிழித்தாள். ஊசி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். இழுப்பறையில் இன்னும் பத்தொன்பது கவர்கள் இருக்கின்றன. வேறு ஒன்றைக் கிழித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் இந்தச் சீட்டை அப்புறம் இன்னொருத்திக்குத்தான் கொடுக்கவேண்டும். அந்த இன்னொருத்தியை அவள் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உள்ளேயிருந்து டாக்டர், "என்ன வந்தது சிஸ்டர்?" என்று கேட்டார். "ஊசி" என்றாள். "அவளுக்கு நெஞ்சு சரியில்லை டாக்டர். சுக்குத் தூசி."

"எக்ஸ்ரே நன்னாத்தானே இருக்கு" என்றார் அவர். அதுவும் உண்மைதான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை தையல், மூக்கில் ரப்பர்க் குழாய், கையில் சலைன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீலாம்பாள் கோட்டை நீட்டினாள். மயக்கம் தெளிந்த பேச்சி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆள்காட்டி விரலை இடது கோடிக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். இரண்டு.

முதல் நாள்தானே, மயக்க மருந்து இன்னும் இறங்கியிருக்காது என்று நீலாம்பாள் கீறினாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கும் இரண்டு. பத்து மணிக்கும் இரண்டு. நடுவில் இருந்த கட்டங்களில் டியூட்டி பார்த்த மற்ற நர்சும் இரண்டு என்றே கீறியிருந்தாள். பக்கத்தில் கமலாக்ஷி நாற்காலியில் உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டிருந்தாள். பேச்சி மல்லாந்து கிடந்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையாலும் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. மூச்சு கழுத்துக்குக் கீழே இறங்கவேயில்லை. வாய் ஓயாத அந்தப் பெண் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"பேச்சி, இங்க பாரு. நெஜமாச் சொல்லு. ரொம்ப வலிக்கறதா?"

"இல்லம்மா. கொஞ்சந்தான்."

"ஊசி வேணும்னா போடறேன். கேட்டாப் போரும்."

"வேண்டாம்மா. எதுக்கு. நல்லாத்தான இருக்கேன்."

"அப்போ ஒரு தடவை இருமு. வயித்துல தலகாணியை அமுக்கிப் பிடிச்சுக்கறேன்."

பேச்சி இருமுவதற்கு வாயைத் திறந்தாள். தொண்டையில் ஏதோ சின்னச் சத்தம் வந்தது. கண்களின் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "வந்திருச்சும்மா" என்றாள். ஒன்றும் வரவில்லை.

நீலாம்பாளுக்கு அன்று வேலை ஓடவில்லை. மூன்று மணிக்கு டாக்டரைத் தேடிப் போனாள்.

"அவ பொய் சொல்றா டாக்டர். எட்டு, ஒம்பது இருக்கும். ரெண்டுங்கறா."

டாக்டர் உடனே எழுந்து வந்தார். கட்டிலருகே குனிந்து, நல்ல தணிந்த குரலில், "எவ்வளவு வலிக்கறது அம்மா? பயப்படாம சொல்லு" என்று கேட்டார். பேச்சி சிரித்தாள். உதட்டை இழுத்துக் காட்டிய சிரிப்பு. "கொஞ்சந்தான் ஐயா. நாங்க வேலை செய்யுத ஆளுக." டாக்டர் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கட்டிலைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றபோது சொன்னார்: "சில பேருக்குத் தாங்கற சக்தி அதிகம் சிஸ்டர். வேணாங்கறவளுக்கு ஊசி போட்டு, அதை நாம எழுதினா, நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது? இன்னும் கொஞ்சம் பாருங்கோ. அவளே கேப்பா."

பெத்திடின் அலமாரியின் சாவி நீலாம்பாளின் இடுப்பில்தான் இருந்தது. கேஸ் ஷீட்டில் ஊசிக்கு உத்தரவும் இருந்தது, 'தேவைப்பட்டால்' என்று. தேவை என்று அவள் தீர்மானித்து ஓர் ஊசியைப் போட்டிருந்தால் அவளை யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நாற்பது பேருக்கு ஒழுங்காகச் செய்த வேலை. அவரவர் சொல்வதைத்தான் எழுதவேண்டும் என்று அவள் மனசாரச் சம்மதித்த வேலை. அதைத் தன் கையால் கெடுப்பதா என்று இருந்துவிட்டாள். இப்படித்தான் பிற்பாடு அவள் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். வேறு காரணம் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சிக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு. மூக்கின் இரண்டு பக்கமும் விடைத்து விடைத்து அடங்கியது. முத்துராமலிங்கம் பார்வை நேரத்தில் வந்து அவளருகே உட்கார்ந்து எதையோ கேட்டான், அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏதோ சொன்னாள். அவன் எழுந்து போகும்போது நீலாம்பாளின் பக்கம் வந்து நின்றான். ஏதோ சொல்லப்போகிறவன் போலிருந்தது. "வாரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றும் கோட்டில் இரண்டு. சாயங்காலம் ஒரு தடவை மட்டும் இரண்டரை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீலாம்பாள் கோட்டை எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஆம்பூலை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு போனாள். "சலைன்ல சேக்கற மருந்து மாதிரிதான், சத்துக்கு" என்று பொய் சொன்னாள். பேச்சிக்கு மறுக்கத் தெம்பில்லை. இருபது நிமிஷத்தில் அவளுடைய விரல்கள் இரும்புச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. புருவத்துக்கு நடுவிலிருந்த முடிச்சு தளர்ந்தது. மூன்று நாளாக நீலாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தது பேச்சியின் முகமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கதை கேட்டவளின் முகம் இப்போதுதான் மெல்லத் திரும்பி வந்தது.

ஒன்பதரை மணிக்குக் கண் விழித்தாள்.

"என்னம்மா போட்டிய? சொர்க்கமால்லா இருந்துச்சு."

"இதைத்தான் வேண்டாம் வேண்டாம்னே. ஏன் பேச்சி? ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

பேச்சி காலியாக இருந்த இடப்பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். "அந்த ஆச்சி, கோட்டுக்கு அந்தால கையை வச்சாவ. அதப் பாத்துத்தான ஓடுனிய. திரும்பக் கொண்டுபோய் அறுத்துட்டாவ. போனவ வரல. எனக்குப் பொட்டப்புள்ள ஒண்ணு கெடக்கும்மா. அதான் கொஞ்சமாவே வச்சேன். கூட வச்சா மறுபடி வயித்தத் தெறந்துருவாவன்னு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவ்வளவு வலி எந்த மனுசருக்கும் ஆகாதும்மா."

நீலாம்பாள் அவளுடைய நெற்றியைத் துடைத்துவிட்டாள். தலையணையை வயிற்றில் அமுக்கி, இருமு என்றாள். பேச்சி இருமினாள். இந்த முறை பச்சையாக, கெட்டியாகச் சளி வந்தது. அதன் நிறத்தைப் பார்த்ததுமே நேரம் கடந்துவிட்டது என்று நீலாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஆராய்ச்சி என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மத்தியானமே தன் கையால் பேச்சியின் முதுகில் குழாய் போட்டார். பென்சிலின், ஆக்சிஜன், எது உண்டோ எல்லாம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் விடுமுறையை விட்டுவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். வலி இல்லை. இருமவும் முடிந்தது. ஆனால் இரண்டு நுரையீரலின் அடிப்பக்கமும் அடைத்துப்போயிருந்தன. உடம்பில் எதிர்த்து நிற்கச் சதை இல்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு, முத்துராமலிங்கம் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்த சமயத்தில், பேச்சி போய்விட்டாள்.

நீலாம்பாள் அவள் மூக்கிலிருந்த குழாயை எடுத்தாள், கையைத் துடைத்தாள், தலையை வாரி முடிந்தாள். வார்டில் மற்ற பத்தொன்பது பெண்களும் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த கவர்கள் அக்டோபரில் தீர்ந்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல் டாக்டர் டியூட்டி அறையில் காகிதங்களைப் பரப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நீலாம்பாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"முடிஞ்சாச்சு சிஸ்டர். குழாய் போட்டவாளுக்கு சராசரி ரெண்டு. ஊசிக்காராளுக்கு மூணு. வித்தியாசம் இருக்கு, ஆனா பெரிசில்லை. இவ்வளவு கூட்டமான ஆஸ்பத்திரிக்கு ஊசியே போரும்னுதான் முடிவு வரது."

நீலாம்பாள் காகிதங்களைத் தள்ளித் தேடி நாற்பத்தொன்றை எடுத்தாள். இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டரை.

"இதுவும் இதுல சேந்திருக்கா?"

"சேந்திருக்கு. மூணு நாளும் எழுதியிருக்கே."

"இது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமே டாக்டர். அவளே சொன்னாளே. ஊசிக்காராள்ல இவ கோடுதான் எல்லாத்தையும் விடக் கொறச்சல். செத்துப்போனவளோட கோடு, ஊசி போரும்னு சாட்சி சொல்றதா? இதை எடுத்துடுங்கோ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எடுக்கலாம். ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சுண்டிருந்தேன். ஆனா இதை மட்டும் எடுக்கறதுக்கு என்ன நியாயம்? அம்மிணியம்மாவைக் கொண்டுபோனதை வார்டு பூரா பாத்துது. அதுக்கப்பறம் வந்தவா அந்தக் கதையைக் கேக்காம ஒரு நாள் இங்க படுத்திருப்பாளா? அதுல யாரு நெஜம் சொன்னா, யாரு பயந்துண்டு சொன்னா? நீங்கதானே எல்லார்ட்டயும் கேட்டேள். சொல்லுங்கோ, பிரிச்சு வைக்கறேன்."

நீலாம்பாள் காகிதங்களைப் பார்த்தாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு ஊசிக்காரர்களின் கீறல்கள் இடது பக்கம் நகர்ந்திருந்தன. மூன்று, இரண்டு, மூன்று. அப்போது அதைப் பார்த்து, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் கொண்டுவர முயன்றாள். யார் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார்கள்? யார் மூச்சை அடக்கினார்கள்? தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்க்கப் பழகியிருந்தாள்.

"அப்போ அதை எழுதுங்கோ. இதை நம்ப முடியாதுன்னு எழுதுங்கோ."

"எழுதினா அறுபதும் போச்சு. முதல்லேந்து தொடங்கணம். அடுத்த மாசம் ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்கணம் சிஸ்டர்." அவர் காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். "எனக்குத் தைரியம் இல்லை."

அவர் கொடுத்தார், பாஸ் செய்தார், வேறு ஊருக்குப் போனார். போகும் முன் நீலாம்பாளிடம் விடைபெற்றுக்கொண்டு போனார். ஆராய்ச்சியின் முடிவைப் படித்த பெரிய டாக்டர், இனிமேல் முதுகுக் குழாய் வாங்கவேண்டாம் என்று எழுதிவிட்டார். கேஸ் ஷீட்டுகளில் பழையபடி 'கேட்டால் மட்டும் ஊசி' என்று வந்தது.

டிசம்பரில் முத்துராமலிங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரேஷன் கார்டில் பேச்சியின் பெயரை நீக்க மரணச் சீட்டு வேண்டும் என்றான். ஆபீசில் காக்க வைத்திருந்தார்கள். நீலாம்பாளே போய்ச் சீட்டை வாங்கிவந்து, வராந்தாவில் அவனிடம் கொடுத்தாள். பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். ஊரில் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறேன் என்றான். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். கவர், கோடு, இரண்டு என்று பேச்சி காட்டியது, நம்பாமலே எழுதியது, சாவி தன் இடுப்பிலேயே இருந்தது. நின்றபடியே சொல்லி முடித்தாள்.

அவன் சீட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட சொன்னாம்மா" என்றான்.

"என்ன சொன்னா?"

"உசுரு போவுதுன்னா. வெள்ளிக்கெழமை. சிஸ்டரம்மாகிட்ட சொல்லிராதியன்னு கையைப் புடிச்சுக்கிட்டா. ஒங்க பக்கத்துல வந்தேம்லா, நெனப்பிருக்கா? வாய் வரைக்கும் வந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"எனக்கும் அந்தப் பயந்தான். ஆச்சிய கொண்டுபோனத அவ சொல்லச் சொல்லக் கேட்டவன்லா." கீழே தெருவில் யாரோ அவனுடைய வண்டியை ஓரம் கட்டச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவன் திரும்பவில்லை. "அன்னைக்கு நான் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளாம்மா?"

வெள்ளிக்கிழமை காலையில் குழாய் போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். வியாழக்கிழமை ஊசி போட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். வேலை தெரிந்தவள் என்ற முறையில் நீலாம்பாளுக்கு அது தெரியும். இல்லை என்று சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தத் தயக்கமே அவனுக்குப் போதுமாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டான். சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையை வைத்தபடி படியிறங்கினான்.

அதன் பிறகு நீலாம்பாள் யாரையும் கேட்பதில்லை. கட்டிலருகே நின்று முகத்தைப் பார்ப்பாள், மூச்சைப் பார்ப்பாள், ஊசியை எடுத்துவந்து போட்டுவிடுவாள். மார்ச் மாதம் பெத்திடின் இருப்பும் கேஸ் ஷீட்டுகளும் ஒத்துவரவில்லை என்று விசாரணை வந்தது. உத்தரவில் 'கேட்டால் மட்டும்' என்றிருக்கிறதே, நோயாளிகள் கேட்டார்களா என்று கேட்டார்கள். கேட்கவில்லை என்றாள். பின் ஏன் போட்டாய் என்றார்கள். வலித்தது என்றாள். எப்படித் தெரியும், எழுத்தில் எங்கே இருக்கிறது என்றார்கள். எழுத்தில் இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். புறநோயாளிப் பிரிவில் கட்டுப் போடும் அறைக்கு அவளை மாற்றினார்கள். வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் நல்ல பெண், சொன்னதைச் செய்கிறவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்போது நீலாம்பாள் அந்த வார்டின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜன்னல் வழியே கட்டில்கள் தெரியும். முதல் சில மாதம் நின்று பார்த்தாள். இரும்புச் சட்டத்தைப் பிடித்த கைகளை எண்ணுவாள். பிறகு பின்பக்கத்துப் படி வழியாகப் போகத் தொடங்கினாள். அது சுற்று வழி, மழைக்காலத்தில் நனைய வேண்டியிருக்கும்.